அருகில் ஏறி உட்காருதல்

இவ்வார வேதவாசிப்பு: அப்போஸ்தலர் நடபடிகள் 8:26–40





காசாவுக்குப் போகும் வனாந்தர வழியில் பிலிப்பு எத்தியோப்பிய மந்திரியைச் சந்தித்த சம்பவத்தை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். வழக்கமாக நம்முடைய கவனம் ஞானஸ்நானம் நடந்த தண்ணீரண்டைக்கு நேராகப் போய்விடும். இவ்வாரம் அதற்குச் சற்று முந்திய ஓர் இடத்தில் சிறிது நேரம் நிற்கும்படி உங்களை அழைக்கிறேன். மந்திரி ஏசாயாவின் சுருளை வாசித்துக்கொண்டிருக்கிறார். வாசிப்பதன் பொருள் அவருக்கு விளங்கவில்லை. பொருளை அறிந்த பிலிப்பு வழியில் நிற்கிறார். அவர் ரதத்தை நிறுத்தி மந்திரியைக் கீழே இறங்கிவரச் சொல்லவில்லை. ஓடிச் சென்று, காதுகொடுத்துக் கேட்டு, ஒரு கேள்வி கேட்டு, அழைக்கப்பட்ட பின்னரே ஏறி, அவர் அருகில் உட்காருகிறார். போதனை அதற்குப் பின்பே தொடங்குகிறது.

இந்தப் பகுதியின் இந்த ஒழுங்கை எனக்குக் காட்டியவர் நம்முடைய சபையில் வளர்ந்த ஒரு சகோதரி. அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆங்கில இலக்கியத்தில் முதுகலையும் ஆய்வுப் பட்டமும் பெற்ற அவர், எத்தியோப்பியாவிலுள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவருக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்றார். தலைநகர் ஆதிஸ் அபாபாவுக்குத் தெற்கே, ஏரிகள் நிறைந்த பிளவுப் பள்ளத்தாக்கில் அமைந்த ஊர் அது. அவரை முன்னே நிறுத்தி, கைகளை வைத்து ஜெபித்து நாம் வழியனுப்பினோம். 1950ஆம் ஆண்டுகள் முதற்கொண்டே நம் தேசத்து ஆசிரியர்கள் பலர் அந்நாட்டுப் பள்ளிகளில் பணியாற்றியிருக்கிறார்கள் என்பதால், அவர் சென்ற பாதை புதியதல்ல. ஆனால் வகுப்பறையில் தனியே நின்று பாடம் நடத்துவது அவருக்குப் புதிது.

அங்கே ஆங்கிலம் எத்தனை முக்கியமானது என்பதை முதலில் நாம் அறிந்துகொள்ள வேண்டும். எத்தியோப்பியாவில் 80க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. பல்கலைக்கழகங்களில் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. பள்ளியிறுதித் தேர்வில் தேறியவர்களை அரசாங்கமே பல்கலைக்கழகங்களுக்குப் பகிர்ந்து அனுப்புவதால், ஒரே வகுப்பில் வெவ்வேறு மாநிலத்தார், வெவ்வேறு தாய்மொழியினர் அமர்ந்திருப்பார்கள். மலைக் கிராமத்திலிருந்து வரும் ஒரு மாணவனுக்குத் தாய்மொழி ஒன்று, சந்தைமொழி வேறொன்று, அரசாங்க அலுவல்களில் அம்ஹாரிக். ஆங்கிலம் அவனுக்கு மூன்றாவது அல்லது நான்காவது மொழி. முதலாண்டுத் தேர்வுகளில் மதிப்பெண் மிகவும் குறைந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப நேரிடும். ஒரு கிராமமே வழியனுப்பிய பிள்ளை அப்படித் திரும்புவது எத்தகைய வேதனை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே அந்தச் சகோதரியின் வகுப்பில் 55 பேருடைய எதிர்காலம் அமர்ந்திருந்தது.

முதல் வாரம் அந்த 55 பேரும் பேசவில்லை. அவர் பாடம் நடத்துவார், குறிப்பேடுகளில் எழுதிக்கொள்வார்கள். “விளங்கிற்றா?” என்று கேட்பார். ஓர் ஓரத்திலிருந்து திடுக்கிட்டவர்போல மூச்சை உள்ளே இழுக்கும் ஓசை கேட்கும். பின்பு மற்றோர் ஓரத்திலிருந்து. வேறு பதில் வராது. தாம் சொன்னதில் ஏதோ தவறு நேர்ந்து அவர்கள் அஞ்சுகிறார்களோ என்று அவர் கலங்கினார். எத்தியோப்பியாவில் மூச்சை அப்படிச் சட்டென்று உள்ளிழுப்பது “ஆம்” என்பதற்கு அடையாளம் என்று பத்து நாட்களுக்குப் பின்னரே சக ஆசிரியை ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டார். அவர்கள் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆயினும் அந்த “ஆம்” உண்மையான ஆம் அல்ல என்பது பயிற்சித் தாள்களைத் திருத்தியபோது தெரிந்தது. விளங்கவில்லை என்று ஆசிரியரிடம் சொல்வது மரியாதைக் குறைவு என்று அவர்கள் எண்ணினார்கள். நம்முடைய பிள்ளைகளும் அப்படித்தானே?

இரண்டாம் வாரம் இன்னொன்று நடந்தது. சனிக்கிழமை நான்கு மணிக்கு வந்தால் பேச்சுப் பயிற்சி தருவதாக வகுப்பில் அறிவித்தார். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் போய்க் காத்திருந்தார், ஒருவரும் வரவில்லை. அன்றிரவு அவர் மனம் மிகவும் சோர்ந்தது. திங்கட்கிழமைதான் உண்மை வெளிப்பட்டது. பன்னிரண்டு மாணவர்கள் வந்திருந்தார்கள்; காலை பத்து மணிக்கு வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே நெடுநேரம் நின்று, திரும்பிப் போயிருந்தார்கள்.

எத்தியோப்பியாவில் நாளின் மணிக்கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. நாம் காலை ஏழு என்பது அவர்களுக்கு ஒரு மணி. நம்முடைய காலை பத்து அவர்களுக்கு நான்கு மணி. பிரியமானவர்களே, இது நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் நம்முடைய புதிய ஏற்பாட்டின் மணிக்கணக்கும் இதுவே. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு குறிப்பிட்ட மூன்றாம் மணி நம்முடைய காலை ஒன்பது. கல்வாரியில் ஆறாம் மணி முதல் ஒன்பதாம் மணி வரை அந்தகாரம் சூழ்ந்தது என்றால், நண்பகல் முதல் பிற்பகல் மூன்று வரை என்று பொருள். நம்முடைய முன்னோரும் உதயத்திலிருந்தே நாழிகை எண்ணினார்கள். பைபிளின் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தேசத்திற்கு அந்தச் சகோதரி போயிருந்தார்.

அந்த மாணவர்கள் அவரைக் குறைசொல்லவில்லை என்பதே அவரை அதிகமாக வருத்தியது. இரண்டாம் ஞாயிறு இரவு அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நமக்கு மணி ஒன்பது. அவருக்கு மாலை ஆறரை.

“ஐயா, அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள், பேசுவதில்லை. இந்தப் பிள்ளைகள் என்னால் தோற்றுப்போய்விடுவார்களோ என்று பயமாயிருக்கிறது. அனுபவமுள்ள ஒருவர் வந்தால் இவர்களுக்கு நல்லது. நான் திரும்பி வந்துவிடட்டுமா?” என்று கேட்டார்.

அதற்கு உடனே பதில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. “மகளே, இந்த வாரம் நாம் இருவரும் அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தை வாசிப்போம். நீ இருக்கும் தேசத்தின் பெயர் அதில் வருகிறதே. அடுத்த ஞாயிறு பேசுவோம்” என்று மட்டும் சொல்லி ஜெபித்தேன்.

இங்கே ஒரு விளக்கம் அவசியம். கந்தாகே என்னும் ராணியின் மந்திரி வாழ்ந்த தேசம் நைல் நதியோரத்து மெரோவே என்றும், அது இன்றைய சூடானின் வடபகுதியில் உள்ளது என்றும் வேத அறிஞர்கள் கூறுகிறார்கள். ஆயினும் எத்தியோப்பியக் கிறிஸ்தவர்கள் அந்த மந்திரியைத் தங்கள் விசுவாசத்தின் மூத்த சகோதரராக நேசிக்கிறார்கள். அத்தேசத்தில் திருச்சபை நான்காம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. அதைப்பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிறு அழைத்தபோது அவர் குரலில் மாற்றம் இருந்தது. “ஐயா, பிலிப்புவும் நான் கேட்ட கேள்வியையே கேட்டிருக்கிறார். வாசிப்பது விளங்குகிறதா என்றுதான் கேட்கிறார். எனக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தது; அவருக்கு உண்மையான பதில் வந்தது. அவர் கேள்வி கேட்பதற்கு முன் என்ன செய்தார் என்று பார்த்தேன். அந்த மனிதர் வாசிப்பதை அவர் முதலில் கேட்டிருக்கிறார். என் மாணவர்கள் பேசுவதை நான் இன்னும் ஒருநாளும் கேட்கவில்லை” என்றார்.

மூன்றாம் வாரத்தில் அவர் செய்ததைக் கேளுங்கள். மேடையிலிருந்து இறங்கி மாணவர் பெஞ்சில் ஒருவராக உட்கார்ந்தார். கரும்பலகையில் “தண்ணீர்” என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை மட்டும் எழுதியிருந்தார். “இதை உங்கள் தாய்மொழியில் எப்படிச் சொல்வீர்கள்? எனக்குத் தெரியாது. எழுந்து வந்து எனக்குக் கற்றுக்கொடுங்கள்” என்றார்.

சிறிது நேரம் அமைதி. பின்பு ஒரு மாணவி எழுந்து போய் அம்ஹாரிக் மொழியில் “வுஹா” என்று எழுதினாள். அதைத் திருத்துகிறவன்போல இன்னொருவன் எழுந்து ஒரோமோ மொழியில் “பிஷான்” என்றான். சிடாமா மொழியில் “வா” என்றார்கள், வோலைத்தாவில் “ஹாத்தா”, வடக்கிலிருந்து வந்த திக்ரிஞா மொழி மாணவி “மாய்” என்றாள். ஆசிரியை எழுந்து “தண்ணீர்” என்று தமிழில் எழுதினார். அம்ஹாரிக் எழுத்திலும் நம் உயிர்மெய் எழுத்துகளைப் போலவே மெய்யும் உயிரும் ஒரே வடிவத்தில் சேர்ந்திருக்கின்றன. அதைக் கண்டுபிடித்த ஒரு மாணவன் வியந்து, ஆசிரியைக்கு எழுத்துகளை விளக்கத் தொடங்கினான். ஆசிரியைக்கு அம்ஹாரிக் தெரியாது. ஆகையால் அவன் ஆங்கிலத்தில்தான் விளக்க வேண்டியிருந்தது. அவன் அதை உணரவேயில்லை, பேசிக்கொண்டே போனான்.

பின்பு அவர், “உங்கள் ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டார். மூன்று வாரங்களாக ஒரு சொல்லும் பேசாதிருந்த, கடைசிப் பெஞ்சு மாணவன் ஒருவன் எழுந்தான். தன் தாயும் தங்கைகளும் மலையடிவாரத்து ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து வருவதை ஐந்து வாக்கியங்களில் சொன்னான். ஐந்திலும் பிழை இருந்தது. ஆனால் எப்படிப்பட்ட பிழை தெரியுமா? வினைச்சொல்லை ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் வைத்திருந்தான். “நாங்கள் ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறோம்” என்று நாம் சொல்லும் அதே வரிசையில் ஆங்கிலச் சொற்களை அடுக்கியிருந்தான். அங்குள்ள மொழிகள் பலவற்றிலும் நம்முடைய தமிழைப்போல வினை கடைசியில்தான் வரும். அந்தச் சகோதரி மகிழ்ந்து, கரும்பலகையில் அவனுடைய மொழி, தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றின் வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, “நீ தவறாகச் சிந்திக்கவில்லை, என்னைப்போலச் சிந்தித்திருக்கிறாய். ஆங்கிலம் வினையை முன்னே அழைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்” என்றார்.

வகுப்பு முடிந்தபின் அந்த மாணவன் அவரிடம் வந்து சொன்னானாம்: “டீச்சர், என் வீட்டில் கடிதம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. எங்கள் தெருவில் எல்லாரும் என்னிடம்தான் வாசிக்கக் கொண்டுவருவார்கள். இங்கே வந்தபின் நான் ஒன்றுமறியாதவன் ஆகிவிட்டேன்.”

பிரியமானவர்களே, இதை வாசித்துவிட்டு மீண்டும் ரதத்தைப் பாருங்கள். மந்திரி சாதாரண மனிதர் அல்லர். ஒரு ராணியின் பொக்கிஷம் முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. நாட்டில் அவரிடம் விளக்கம் கேட்கவே மக்கள் வருவார்கள். அப்படிப்பட்டவர் வழியில் ஓடிவந்த ஓர் அந்நியரிடம், வழிகாட்டுபவர் இல்லாமல் எனக்கு எப்படி விளங்கும் என்ற கருத்தில் தம் அறியாமையைத் திறந்து காட்டினார். அது பெரிய தாழ்மை. மேலிருந்து பேசும் ஒருவரிடம் அந்தத் தாழ்மை எளிதில் வெளிப்படாது. தம் பக்கத்தில் மூச்சிரைக்க ஓடிவருகிறவரிடம் வெளிப்படும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒருவருக்குப் பாதுகாப்பான இடம் தருவதே கற்பிக்கிறவருடைய முதல் வேலை.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். வழியில் தண்ணீரைக் கண்டு முதலில் சொன்னவர் யார்? பிலிப்பு அல்ல. மந்திரிதான் தண்ணீரைக் காட்டி, ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று கேட்கிறார். பிலிப்பு அந்த வழியில் அந்நியர். மந்திரியோ அவ்வழியாக எருசலேமுக்குப் போய்த் திரும்புகிறவர். ஆசிரியர் பொருளை விளக்கினார். மாணவர் தண்ணீரைக் கண்டார். நாம் யாருக்குக் கற்பிக்கிறோமோ அவர்களிடத்திலும் ஆண்டவர் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்றை வைத்திருக்கிறார். அருகில் உட்காருகிறவருக்கே அது தெரியவரும்.

எத்தியோப்பியத் திருச்சபையின் வரலாறும் இதற்குச் சாட்சி. ரூஃபினஸ் என்னும் பழங்கால வரலாற்றாசிரியர் இதைப் பதிவுசெய்திருக்கிறார். தீரு பட்டணத்தைச் சேர்ந்த ஃப்ருமென்டியஸ், எதேசியஸ் என்னும் இரு சிறுவர்கள் சென்ற கப்பல் செங்கடலோரத்தில் தாக்கப்பட்டது. கப்பலிலிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். இந்த இருவர் மாத்திரம் ஒரு மரத்தடியில் பாடம் படித்துக்கொண்டிருக்கக் காணப்பட்டு, அக்சும் தேசத்து அரசனிடம் கொண்டுபோகப்பட்டார்கள். ஃப்ருமென்டியஸ் அந்த அரண்மனையில் அடிமையாக வளர்ந்து, அவர்கள் பாஷையையும் வழக்கங்களையும் கற்று, அரசனுடைய கணக்குகளைக் கவனித்தார். அரசன் மரித்தபின், இளவரசன் வளரும்வரை ஆட்சியில் துணைநிற்கும்படி அரசி அவரையே வேண்டிக்கொண்டாள். பின்னர் அவர் அலெக்சந்திரியாவுக்குச் சென்று அத்தனாசியுவைச் சந்தித்து, அவரால் பேராயராக அபிஷேகம் பெற்றுத் திரும்பினார். எசானா அரசரின் காலத்தில் அத்தேசம் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டது. “சமாதானத் தகப்பன்” என்னும் பொருளில் “அப்பா சலாமா” என்றே அவரை இன்றும் அழைக்கிறார்கள். அவர் போதகராவதற்குமுன் பல ஆண்டுகள் அந்தத் தேசத்தின் மாணவராயிருந்தார் என்பதை மறந்துவிடாதீர்கள். ரூஃபினஸ் அந்தத் தேசத்தை “இந்தியா” என்றே எழுதிவைத்தார். அக்காலத்தார் அப்பகுதிகளையும் அப்பெயரால் அழைத்ததுண்டு. இதைக் கேட்டபோது அந்தச் சகோதரி சிரித்தார்.

அந்தச் சகோதரியை வழியனுப்பியபோது, அவர் அங்கே வெளிச்சத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று நாம் ஜெபித்தோம். நல்ல ஜெபம்தான். அவர் போய்ச் சேர்ந்தபோது, வெளிச்சம் 1,600 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே எரிந்துகொண்டிருந்தது. “எப்படி இருக்கிறீர்கள்?” என்று விசாரித்தால், அங்குள்ள கிறிஸ்தவர்கள் பலர் “எக்ஸியாபெர் யிமெஸ்கென்”, அதாவது தேவனுக்கு ஸ்தோத்திரம், என்கிறார்கள். நாம் ஆராதனை முடிந்து வாசலில் ஒருவருக்கொருவர் சொல்லும் சொல் அதுவல்லவா!

எல்லாம் சீராகிவிட்டது என்று நான் எழுதினால் அது உண்மையாகாது. ஆறு வாரங்கள் கடந்தும் ஐந்தாறு பேர் இன்னும் வாய்திறக்கவில்லை. ஒரு மாணவி, தேர்வுக்கு முன்பே, சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டாள். அந்தப் பெயரைச் சொல்லி அந்தச் சகோதரி அழுதார். நாமும் அந்தப் பிள்ளைக்காக ஜெபிப்போம். “திரும்பி வரட்டுமா?” என்று அவர் இப்போது கேட்பதில்லை. “இந்தப் பருவம் முடியும்வரை இருக்கிறேன் ஐயா. பிறகு ஆண்டவர் காட்டுகிறபடி” என்கிறார். சனிக்கிழமைப் பயிற்சி தொடர்ந்து நடக்கிறது, அவர்களுடைய நான்கு மணிக்கு.

இனி நம்மிடத்திற்கு வருவோம். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே, “விளங்கிற்றா?” என்ற கேள்விக்குப் பிள்ளைகள் ஒன்றாக “ஆம்” என்று சொல்லும்போது அந்தப் பதிலோடு திருப்தியடையாதிருங்கள்; கதையை அவர்கள் வாயால் திரும்பச் சொல்லக் கேளுங்கள். பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ பேசாதிருக்கும்போது மேலும் ஒரு புத்திமதி சொல்வதற்குமுன், அவர்களுடைய கடிகாரம் எந்த மணியைக் காட்டுகிறது என்று விசாரியுங்கள். அவர்கள் ஒருவேளை காலையிலேயே வந்து உங்கள் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுவிட்டுப் போயிருக்கலாம். ஆலயத்துக்குப் புதிதாக வந்து, எப்போது எழுந்து நிற்பது, எந்தப் பக்கத்தைத் திருப்புவது என்று அறியாமல் கடைசி வரிசையில் தவிக்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்வரிசையிலிருந்து கைகாட்டுவது எளிது. எழுந்துபோய் அவர்கள் அருகில் உட்காருங்கள். நம் தெருவில் கட்டடவேலை செய்யும் வடமாநிலச் சகோதரர்களிடம், “தண்ணீர்” என்பதற்கு அவர்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சம்பவத்தின் முடிவையும் பாருங்கள். தண்ணீரைவிட்டுக் கரையேறினபின் பிலிப்பு அங்கிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறார். மந்திரி அவரை அப்புறம் காணவில்லை. ஆனாலும் அவர் துக்கப்படவில்லை. சந்தோஷத்தோடே தம் வழியே போகிறார். ரதம் மந்திரியினுடையது; பயணமும் மந்திரியினுடையது. ஆசிரியர் சிறிது தூரம் மாத்திரம் உடன் செல்கிறவர். தாம் இறங்கிய பின்னும் ரதம் மகிழ்ச்சியோடு ஓடினால் அவருடைய வேலை நிறைவேறிற்று.

இவ்வாரம் உங்களுக்கு அருகில் ஓடும் ரதம் எது என்று ஆண்டவரிடம் கேளுங்கள். அதில் வாசிக்கப்படுவதை முதலில் கேளுங்கள். பின்பு கேள்வி கேளுங்கள். அழைக்கப்படும்போது ஏறி உட்காருங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்களுக்குக் கற்பிக்கும்படி உம்முடைய குமாரனை எங்கள் அருகில் உட்காரச் செய்தவரே, உம்மைத் துதிக்கிறோம். தூர தேசத்தில் பணிசெய்யும் எங்கள் சகோதரியையும், அவருடைய மாணவர் ஒவ்வொருவரையும், சொல்லாமல் ஊர் திரும்பிய அந்த மகளையும் ஆசீர்வதியும். பேசாதிருக்கிறவர்களைக் கேட்கும் செவியை எங்களுக்குத் தாரும். எங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தாழ்மையையும் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக.